கழுத்துச் சந்தனம்

"அந்த மயில்கழுத்துக் கலர மேல போட்டுக் காட்டுங்க சாமி" என்று கல்யாணப் பெண்ணின் அத்தை கேட்டபோது, அணைஞ்சபெருமாளுக்குத் தொண்டைக் குழியில் காய்ந்திருந்த சந்தனம் ஒரு இழுப்பு இழுத்தது. இந்தச் சொல்லுக்குத்தான் கார்த்திகை பிறந்ததிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்தார். சேலையை விரி என்றால் விரிக்கலாம், மடி என்றால் மடிக்கலாம், கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டி, இது கையால கோத்த கோர்வை யம்மா, தொட்டுப் பாருங்க, என்று பொழுதுக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். எல்லாம் குனிந்து செய்கிற வேலை. குனிந்தால் தாடை இறங்கிக் கழுத்தை மறைத்துக்கொள்ளும். மேலே போட்டுக் காட்டுவது அப்படி இல்லை. எழுந்து நிற்க வேண்டும், கொசுவத்தை இடுப்பு பெல்ட்டில் செருக வேண்டும், முந்தியை இடது தோளில் எறிந்து கரையைக் கழுத்தோரமாக ஏற்றிப் பிடித்து, தலையை நிமிர்த்தி, மணமேடையில் நிற்கிற பெண் மாதிரி நிற்க வேண்டும். திருநெல்வேலி ரதவீதியில் இந்த ஜவுளிக்கடையின் பட்டு மாடியில் பெருமாளைப் போல நிற்க ஆள் கிடையாது. மீசை வைத்த ஆம்பிளை தோளில் கிடக்கும்போதே சேலை இவ்வளவு எடுப்பாக இருக்கிறதே, நம் பிள்ளை மேல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று தாய்மார் மனசு உருகிவிடும். அப்படி நின்று நின்று எத்தனை கல்யாணம் நடத்தி வைத்த கழுத்து. அந்தக் கழுத்தைத்தான் ஐப்பசியில் அறுத்துத் தைத்திருந்தார்கள். இத்தனை நாளும் மேலே போட்டுக் காட்டுவதைக் கூட வேலை பார்க்கிற மாரிச்செல்வம் பார்த்துக்கொண்டான். இன்றைக்கு அவன் இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டான். வேறு வழியில்லை, பெருமாள் சேலையின் மடிப்பைப் பிரித்தார்.

கட்டி என்னவோ சாதாரணக் கட்டிதான். தைராய்டில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருந்தது, எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவரும் பெண்சாதி உலகம்மாளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார்கள், சந்தோசத்தில். உயிர் பிழைத்துக்கொண்டது, இனி என்ன வேண்டும் என்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து சவரக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. உயிருக்குப் பயந்தவனுக்குத் தோலுக்குப் பயப்பட எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ. கழுத்தின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், ஒரு சிவப்புக் கோடு. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி, விரலால் தன் கழுத்திலேயே கோடு போட்டுக் காட்டித்தான் சொன்னாள். "உள்ள போட்ட தையல் தானா கரைஞ்சிரும் அண்ணாச்சி. கழுத்து மடிப்பு இருக்கிற எடத்துலதான் கீறியிருக்கேன், போகப் போக மடிப்போட மடிப்பாப் போயிரும். ஆனா உடனே போகாது. மொத ரெண்டு மூணு மாசம் செவப்புக் கூடும், தடிக்கும், அரிக்கும். கூடுதேன்னு பயப்படக் கூடாது. தோலு உள்ளுக்குள்ள வேல செய்யுது. பொறவு மெள்ள வெளுக்கும். ஒரு வருசம் பொறுக்கணும்." ஒரு வருசம் என்றதும் அவருக்குத் தை மாதக் கூட்டம் கண்ணில் வந்தது, ஆவணி வந்தது, மறுபடியும் தை வந்தது. அத்தனை முகூர்த்தத்துக்கும் கழுத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போக முடியும்? அதற்குள் டாக்டரம்மா அடுத்ததற்குப் போயிருந்தாள். சிலிக்கான் ஜெல்லு கடுகளவு எடுத்துக் காலையிலும் ராத்திரியிலும் தடவ வேண்டும், விரல் நுனியால் மெதுவாக நீவி விட வேண்டும், வெயில் படக் கூடாது, சொறியக் கூடாது. "மஞ்ச, எலுமிச்ச, பல்லு பேஸ்ட்டு, யாரு எத சொன்னாலும் எதையும் பூசாதீங்க."

சந்தனம் என்று அவள் சொல்லவில்லை. இதைப் பெருமாள் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டார். மஞ்சள் சொன்னாள், எலுமிச்சை சொன்னாள், பேஸ்ட் கூடச் சொன்னாள், சந்தனம் சொல்லவில்லை. எதையும் என்று சொன்னாளே, அதில் சந்தனமும் வராதா என்று மனசு கேட்கும். வரும்தான். ஆனாலும் பெயர் சொல்லவில்லையே. வேலைக்குத் திரும்புகிற அன்றைக்குக் காலையில் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிப் பார்த்தார், ரவுடி மாதிரி இருந்தது. சட்டை மேல் பித்தானைப் போட்டுப் பார்த்தார், காலர் போய்ச் சரியாகக் கோட்டின் மேலேயே உரசியது. உலகம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். "ஏங்க, சந்தனத்தக் கொழைச்சு அப்பிட்டுப் போனா என்ன? கோயிலுக்குப் போயிட்டு வாரவுக மாதிரி இருக்கும். சந்தனம் குளுமதான, சாமிக்கே சாத்துதோம்." அவள் சொல்லி அவர் கேட்காமல் இருந்ததில்லை. சந்தன வில்லையைக் கரைத்து, தொண்டையின் குறுக்கே அகலமாகப் பூசி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து அனுப்பினாள். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிட்டது. மறைந்ததோடு நின்றிருந்தால் நல்லது. அது கார்த்திகை முதல் தேதி. கத்தி பட்ட இடம் என்று சவரமும் செய்யாமல் தாடி வேறு வளர்ந்திருந்தது. படியேறி வந்தவரைப் பார்த்ததும் சூப்பர்வைசர் ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி சரணம்! இந்த வருசம் நீங்களும் மாலை போட்டாச்சா? நல்ல காரியம். ஆபரேசனுக்கு வேண்டுதலாக்கும்?" பெருமாள் சிரித்தார். அவ்வளவுதான் செய்தார். பொய் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. அந்த ஒரு சிரிப்பில் மாடி முழுக்க அவர் சாமியாகிவிட்டார்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் அது. மணி எங்கே சாமி என்று ஒருத்தன் கேட்டான், சட்டைக்குள் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் அன்றைக்கே கோயில் வாசலில் ஒரு துளசி மணி வாங்கிப் போட்டுக்கொண்டார். செருப்பை ஒருத்தன் பார்த்தான், மறுநாளிலிருந்து தெருமுனையில் செருப்பைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். சாப்பாட்டுப் பையில் தயிர்ச் சோறு, வீட்டில் நெத்திலிக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்தால், மாரிச்செல்வம் தடாலென்று காலில் விழுகிறான், மலைக்குப் போறேன், ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி என்று. என்ன ஆசீர்வாதம் பண்ண. வயிற்றுக்குள் நெத்திலி துள்ளியது. அய்யப்பனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவன் தலையைத் தொட்டார். அடுத்த வருசம் நிஜமாகவே போட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டார். இப்போது சேலைக் கொசுவத்தை மடிக்கிறபோது இதெல்லாம் எதற்கு ஞாபகம் வருகிறது. ஒரு மடிப்பு தப்பிவிட்டது. பிரித்து மறுபடியும் மடித்தார். அத்தை தன் மதினியிடம், அதாவது பெண்ணின் அம்மாவிடம், கலர் கொஞ்சம் இருட்டா இருக்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாயே திறக்காத ஆள். கல்யாணப் பெண் கீர்த்தனா போனைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் பில் போடுகிற மேசைப் பக்கம் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லாப் பக்கமும்தான் பார்ப்பார், அது அவர் வேலை. ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

ஆவுடையப்பன் கெட்ட மனுஷன் இல்லை. இதே மாடியில் சேலை விரித்துக்கொண்டிருந்த லிங்கத்துரையைக் கூட அவர் திட்டி அனுப்பவில்லை. லிங்கத்துரைக்குக் கைவிரல்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வந்தது. ஒட்டாது, தொற்றாது, வெறும் நிறம் போவது, எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள் யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டு அம்மா, அவன் விரித்த சேலையை வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டு அதே சேலையை வேறு ஆள் கையால் கேட்டாள். ஆவுடையப்பன் லிங்கத்துரை தோளில் கை போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனார். "தப்பா எடுக்காதீங்க. கல்யாணத்துக்கு எடுக்க வாரவுக நாலும் பாப்பாக." அவ்வளவு மரியாதையாகக் கீழே இறக்கி, பின்கட்டில் ஜமுக்காளமும் தலையணை உறையும் விற்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டார். இப்போது கேட்டால் லிங்கத்துரை, "அங்கன நல்லா காத்து வரும் அண்ணாச்சி, ஏசி ஒத்துக்கிடாது எனக்கு" என்கிறான். பட்டுத் தொட்ட கை தலையணை உறையை உதறுவதைப் பெருமாள் ஒரு தடவை பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கம் போவதில்லை. ஜமுக்காளத்தை யாரும் மேலே போட்டுக் காட்டச் சொல்ல மாட்டார்கள். அங்கே போனால் கழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அங்கே போனால் பெருமாள் என்று ஒரு ஆள் எதற்கு. மற்றதில் எல்லாம் தோற்றவர் அவர், படிப்பில், நிலத்தில், பேச்சில். சேலையை மேலே போட்டுக்கொண்டு நிற்பது ஒன்றுதான் அவருக்கு வந்தது. அதையும் இந்தக் கோடு கொண்டுபோய்விடும். கொசுவத்தைச் செருகினார். முந்தியை எறிந்தார். கை தானாக வேலை செய்தது, பழகின கை. ஆனால் தாடை மட்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே வரமாட்டேன் என்றது.

"என்ன சாமி, தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்கீக? வெக்கமா?" என்று அத்தை சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பெருமாளும் சிரித்தார். சிரிக்கும்போது சந்தனத்தில் எங்கோ மெல்லிய கீறல் விழுவது தோலுக்குத் தெரிந்தது. காய்ந்த சந்தனம் அப்படித்தான், ஒரு இடத்தில் பிளந்தால் பிறகு வரிசையாகப் பிளக்கும். கரையின் ஜரிகை வேறு அங்கேயே உரசியது. அரிப்பு ஆரம்பித்தது. அரிப்பு ஆறுவதற்கு அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னாள், அப்படியானால் இது ஆறிக்கொண்டே இருக்கிறது, இப்படி ஆறினால் உயிர் போய்விடும். சொறியக் கூடாது. சொறிந்தால் தடிக்கும். தடிக்கும் என்றதும் அக்கா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்று தள்ளினால் கூடுதலாக வருவாள். அக்காவுக்குக் காதில் மேல் ஓட்டை போட்ட இடத்தில் மிளகளவு ஒன்று தடித்தது, மிளகு சுண்டைக்காய் ஆனது, வெட்டி எடுத்தார்கள், வெட்டிய இடத்தில் அதைவிடப் பெரிசாகத் திரும்பி வந்தது. கடைசி வரைக்கும் முடியை இழுத்து இழுத்து அந்தக் காதை மூடிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள், உங்களுக்கோ குடும்பத்தில யாருக்குமோ தழும்பு தடிச்சு வளருமா, காது குத்தின எடம், தடுப்பூசி போட்ட எடம், எங்கயாச்சும்? அவர் கையைத் தூக்கித் தடுப்பூசித் தழும்பைப் பார்த்தாள், காது மடலைத் தடவிப் பார்த்தாள். அவர் பட்டென்று இல்லை என்றார். கேள்வி கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகியவர், பெரிய ஆஸ்பத்திரியில் வேறு உட்கார்ந்திருக்கிறோம், எதற்கு வம்பு. அக்கா ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தாள், முடியை இழுத்து மூடிக்கொண்டு. அன்றிலிருந்து அவர் தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். குலதெய்வக் கோயிலில் மாமா மடியில் வைத்துக் குத்திய காது, தூர்ந்துபோன ஓட்டை. உள்ளே கடுகு மாதிரி ஒன்று உருளுகிறதா, உருளவில்லையா. ஒரு நாள் உருளுகிறது, ஒரு நாள் உருளவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லலாம். முன்கூட்டிச் சொன்னால் ஊசி இருக்கிறது, பசை மாதிரி ஒட்டுகிற பட்டை இருக்கிறது, தடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். ஆனால் போனால் கழுத்தைப் பார்ப்பாள். என்ன பூசினீங்க என்பாள். அதனால் கூப்பிட்ட தேதிக்குப் போகவில்லை. ஒன்றை மறைக்கப் பூசினது, இப்போது காட்ட வேண்டிய ஆளிடமும் காட்டவிடாமல் செய்துவிட்டது.

"இருங்க அத்த, அவருக்கு ஒருமட்டம் காட்டிருதேன்" என்றாள் கீர்த்தனா. மாப்பிள்ளை ஓசூரில் வேலை பார்க்கிறாராம். அவள் போனை நிமிர்த்திப் பிடித்தாள். போனுக்குள் ஒரு முகம் தெரிந்தது, காதில் வயர், பின்னால் வெள்ளைச் சுவர். அந்த முகம் நேராகப் பெருமாளைப் பார்த்தது. இது அவர் எதிர்பார்க்காதது. கண்ணாலே பார்க்கிறவர்கள் அங்கே இங்கே பார்ப்பார்கள், போன் அப்படி இல்லை, பிடித்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். பெரிசாக்கிப் பார்க்கலாம். இரண்டு விரலை வைத்து இழுத்தால் கழுத்து மட்டும் தனியாக வந்து நிற்கும். மாப்பிள்ளை தன் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுவான். இதென்ன, கழுத்தறுபட்ட ஆள் மேலே போட்டா முகூர்த்தச் சேலை எடுக்கீக என்று அந்த அம்மா கேட்பாள். ஏன் கேட்க மாட்டாள்? பஸ்ஸில் அந்த மனுஷன் கேட்கவில்லையா?

அந்த மனுஷனை நினைத்தாலே பெருமாளுக்கு உடம்பு கூசும். ஆபரேசனுக்குப் பிறகு முதல்முதலாக வெளியே போன நாள், ஜங்ஷன் போகிற டவுன் பஸ், பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், கையில் ஒரு தார் வாழைப்பழம். சந்தனம் இல்லாத வெறும் கழுத்து. பெரியவர் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கழுத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாருக்கும் கேட்காதபடி காதோரம் வந்து, "தம்பி, எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம். உசுரு போனா வராது. பிள்ளைக இருக்கா?" என்றார். பெருமாளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகமெல்லாம் தீப்பிடித்தது. "ஐயோ, அது தைராய்டு ஆபரேசன்ய்யா" என்றார். பெரியவர் சண்டைக்கு நிற்கவில்லை. "சரி, சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியே சொல்லுங்க எல்லார்ட்டயும்" என்று தலையாட்டி, தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்து அழுத்தினார். இறங்குகிற வரைக்கும் பெருமாளின் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை. பழத்தைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் வைத்துக்கொண்டு பெருமாள் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்துதான் தைராய்டு, கட்டி, சாதாக் கட்டிதான், சோதனையில ஒண்ணும் இல்ல, தையல் ஆறுது, என்று ஒரு பதிலை மனசுக்குள் மந்திரம் மாதிரி உருப்போட ஆரம்பித்தார். யார் எப்போது கேட்டாலும் திக்காமல் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டார் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஆவுடையப்பன் கேட்டால் கொஞ்சம் பணிவாக.

"சாமி, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. அவருக்கு மேல் பக்கம் தெரியலயாம்."

நிமிர்ந்தார். நிமிராமல் எத்தனை நேரம் நிற்பது. தாடை மேலே போகப் போகத் தொண்டைத் தோல் இழுபட்டது, சந்தனம் ஒரு பக்கம் பெயர்ந்தது, இன்னொரு பக்கம் பெயர்ந்தது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. மயில்கழுத்து நிறத்துப் பட்டு தோளிலிருந்து இறங்கி, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாதபடி மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கரைக்கு ஒட்டி, சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துபோய், மழையில் வெளியே வந்த மண்புழு மாதிரி ஈரச் சிவப்பில் கோடு கிடந்தது. இவ்வளவு சிவப்பாக அது காலையில் இல்லை. சந்தனம் பட்டுப் பட்டுப் புண்ணாகியிருக்கிறது. தடித்தும் இருக்கிறது. அக்கா, அக்கா. பட்டின் மேல் இரண்டு துணுக்குச் சந்தனம் விழுந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தட்டிவிடக் கூட அவருக்குத் தோன்றவில்லை. கை நேராகக் கழுத்துக்குப் போய்ப் பொத்திக்கொண்டது. ஆவுடையப்பன் மேசைப் பக்கமிருந்து நகர்வது கண்ணாடியில் தெரிந்தது. வருகிறார். தோளில் கை போடத்தான் வருகிறார். மெதுவாக, மரியாதையாக, கீழே நல்லா காத்து வரும் என்று சொல்லத்தான். பெருமாளின் வாய் மந்திரத்தை முணுமுணுத்தது. தைராய்டு, கட்டி, சாதாக் கட்டிதான்.

போனுக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் கரகரவென்று வந்தது. கீர்த்தனா அதைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "சாமி, கைய எடுங்க. பார்டர் மறைக்குதாம்."

கையை எடுத்தார். வேறு என்ன செய்ய. எடுத்துவிட்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தார். அத்தை கண்ணைச் சுருக்கி அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக அந்த இடத்தையே. "கரை ஒரு விரக்கடை அகலம் கம்மியோ?" என்றாள். பெண்ணின் அம்மா அதே இடத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பிள்ளைக்கு ஒசரம் கம்மிதான, போதும்." போனுக்குள் இருந்த முகம், நல்லாருக்கு என்றது. ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றார். உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார். பட்டில் கிடந்த சந்தனத் துணுக்கைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டார். "முந்திய இன்னும் கொஞ்சம் எறக்கி விடுங்க சாமி, கொடி வேல தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

பெருமாள் முந்தியை இறக்கி விட்டார். அப்பாடா என்று முழு உடம்பும் ஒரு மூச்சு விட்டது. தப்பித்தோம். யாரும் பார்க்கவில்லை. கீழே போக வேண்டியதில்லை. அய்யப்பா, நீ தெய்வம்தான், நெத்திலியையும் மன்னித்துவிட்டாய். அந்த மூச்சு முழுசாக வெளியே போய் முடிவதற்குள் வேறு ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு முழ தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், அறுத்த கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், நாலு பேர் நேராகப் பார்க்கிறார்கள், போனில் ஒருத்தன் பார்க்கிறான், தினம் பார்க்கிற ஆவுடையப்பன் பார்க்கிறார், பார்டர் தெரிகிறது, கொடி தெரிகிறது, நான் தெரியவில்லை. இன்றைக்குத்தானா தெரியவில்லை? எத்தனை கல்யாணம், எத்தனை தாய்மார், உருகி உருகிப் பார்த்த கண்ணெல்லாம் எதைப் பார்த்தது? மறைக்கிறதற்கு இவ்வளவு பாடுபட்டோமே, மறைக்க அங்கே என்ன இருந்தது. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. உருப்போட்டு வைத்த பதில் வீணாகக் கிடந்தது. கேட்டால்தானே சொல்ல முடியும்.

"மேல போட்டது போதும் சாமி, இத எடுத்து வைங்க. அந்த அரக்குக் கலரையும் ஒருமட்டம் பாத்திருவோம்" என்றாள் அத்தை.

"நான் மாலை போடலக்கா" என்றார் பெருமாள். தன் குரல்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. சட்டைக்குள் கையை விட்டுத் துளசி மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கழுத்துல ஆபரேசன் பண்ணியிருக்கு. தைராய்டுல கட்டி. அத மறைக்கத்தான் சந்தனம் பூசிக்கிட்டு வாரேன். இன்னும் ஆறல. எங்க அக்காவுக்குக் காதுல தழும்பு தடிச்சு தடிச்சு வளந்துச்சு. எனக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியாக்கும்? இப்ப யாருக்குத்தான் தைராய்டு இல்ல. இந்தா எங்க மதினியும் மாத்திரதான் முழுங்குதா. எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள் நல்ல மனசோடு. பிறகு கையை நீட்டி அலமாரியைக் காட்டினாள். "ரெண்டாவது தட்டுல, அந்த அரக்கு. ஜரிகை நெறைய இருக்கே, அது சாமி."

பெருமாள் அரக்கை எடுத்தார். உதறினார், மடித்தார், செருகினார், எறிந்தார். ஒரு மடிப்பும் தப்பவில்லை. நாளைக்குக் காலையில் வெறும் கழுத்தோடு டாக்டரம்மாவிடம் போய், பூசினதையும் சொல்லி, அக்கா காதையும் சொல்லிவிட வேண்டும். திட்டுவாள். திட்டட்டும், பார்த்துவிட்டுத்தானே திட்டுவாள். தலையை நன்றாக நிமிர்த்திக் கண்ணாடி முன்னால் நின்றார். அரக்கு அருமையான நிறம், எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். டவுன் பஸ்ஸில் கழுத்தையும் முகத்தையும் பார்த்துக் கேட்ட அந்தப் பெரியவர் எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். அன்றைக்கு அந்த வாழைப்பழத்தைத் தின்றிருக்கலாம்.